ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்: நகைச்சுவைக் கதையும் சாதியும்

(செங்கல்பட்டில் இளம் திரைக்கதை எழுத்தாளர்களுக்காக நடந்த இரண்டு நாள் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று மாலை நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு வரிக் கதைகள் அத்தனையையும் இரவு உட்கார்ந்து படித்துவிட்டேன். நகைச்சுவைக் கதைதான் வேண்டும் என்று கேட்டிருந்தோம். பல கதைகளைப் படிக்கும்போது வாய்விட்டே சிரித்தேன். ஆனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பாதிக்கு மேற்பட்ட கதைகளில் நாயகனுக்கு ஒரு நண்பன் இருக்கிறான். அவன் கறுப்பு, அவன் குண்டு, அவனுக்குப் பல் எடுப்பு. அவனுக்கு வேறு வேலை இல்லை. அவனுக்கு ஆசை இல்லை, வீடு இல்லை, சில கதைகளில் பெயர்கூட இல்லை. இந்த அரங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த நண்பனைப் போலத்தான் இருக்கிறோம். நம்மையே நாம் ஓரத்தில் நிறுத்தி அடி வாங்க வைக்கிறோம் என்றால், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோடம்பாக்கத்தில் 'ஒன்லைன்' என்றால் சில நேரம் காட்சி வரிசையைச் சொல்வார்கள். தயாரிப்பாளர் அறையில் 'நாட் என்ன?' என்று கேட்பார்கள். நாம் இங்கே லாக்லைன் என்று சொல்வது அந்த நாட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. முப்பது சொல்லுக்குள் ஒரு வாக்கியம், மிஞ்சிப்போனால் இரண்டு. யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் என்ன போகும். நகைச்சுவைக் கதையாக இருந்தால் இன்னொன்றும் அதில் தெரிய வேண்டும்: சிரிப்பு எங்கிருந்து வருகிறது. 'ஒரு கலகலப்பான குடும்பத்தில் நடக்கும் சம்பவங்கள்' என்பது லாக்லைன் ஆகாது. அது பத்திரிகைக்குக் கொடுக்கிற செய்திக்குறிப்பு.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சிலர் நினைக்கலாம். இரண்டு பழைய கதைகளை ஒரு வரியாக்கிப் பார்ப்போம்.

முதல் கதை நந்தனார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக வந்தார்கள். ஒரு வரி இப்படி வரும்: 'சிதம்பரத்தில் நடராசரைப் பார்க்க ஏங்கும் பண்ணையாள் ஒருவர், சாதியின் பேரால் தடுக்கப்பட்டு, தீயில் இறங்கிப் புனிதமாகி உள்ளே போகிறார்.' யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, எல்லாமே இருக்கிறது. விலை கொடுப்பவர் யார் என்று மட்டும் பாருங்கள். தடுத்தவர்களுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. தீ முழுக்க நந்தனுக்கு.

இரண்டாவது, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் கிந்தனார். அண்ணா எழுதி, கிருஷ்ணன் பஞ்சு இயக்கி, 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் காலட்சேபமாக வரும். 'படிக்க வழியில்லாத சேரிப் பையன் ஒருவன், ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான்.' அதே காலட்சேப வடிவம், அதே சேரி. ஆனால் கிந்தனுக்கு வேண்டியது வேறு. கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடம், தீக்குப் பதில் ரயில். ஆசையை மாற்றியதும் தண்டனை கழன்று விழுந்துவிட்டது. பக்தியில் உருகிக் கேட்ட அதே பாணியில் இதைச் சொன்னபோது மக்கள் சிரித்தார்கள். கிந்தனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நந்தனைத் தீயில் இறங்கச் சொன்ன அந்தப் பழைய ஏற்பாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் யார் பக்கம் நிற்கப்போகிறது என்பது பெரும்பாலும் அந்த முப்பது சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே தப்பாக எழுதிவிட்டு, பிறகு வசனத்தில் இரண்டு முற்போக்குக் கருத்தைச் செருகிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது நடக்காத காரியம்.

நான் பயன்படுத்துகிற ஒரு சோதனை இருக்கிறது. 'ஆளை மாற்றிப் பார்' என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறேன். சிரிப்பு வரும் இடத்தில் இருக்கும் ஆளை எடுத்துவிட்டு, வேறு நிறம், வேறு உடம்பு, வேறு தெருவைச் சேர்ந்த ஆளை வையுங்கள். சிரிப்பு அப்படியே இருந்தால் அது நகைச்சுவை. சிரிப்பு காணாமல் போனால் அதுவரை அங்கே இருந்தது இழிவு.

'கரகாட்டக்காரன்' வந்தது 1989இல். அதில் வரும் வாழைப்பழக் காட்சி இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு பழம் வாங்க அனுப்பப்பட்டவன் ஒன்றைத் தின்றுவிட்டு, கையில் இருக்கும் ஒன்றைக் காட்டி, அதுதான் மற்றொன்று என்று சாதிக்கிறான். இங்கே ஆளை மாற்றிப் பாருங்கள். வங்கி மேலாளரையும் கணக்காளரையும் வையுங்கள், அமைச்சரையும் செயலாளரையும் வையுங்கள். அப்போதும் சிரிப்பு வரும். ஏனென்றால் அது தர்க்கத்தின் சிரிப்பு. அதே கவுண்டமணி, செந்தில் ஜோடியின் வேறு பல காட்சிகளில் தலையையும் நிறத்தையும் உடம்பையும் வைத்து வரும் வசவுகளுக்கு இந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சாது. நாம் இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரித்து வளர்ந்தோம். எழுதுகிறவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சொற்களுக்கும் இது பொருந்தும். படங்களில் செல்லமாகத் திட்டுவதற்கு 'சண்டாளா' என்பார்கள். உங்கள் தாள்களிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலில் இருக்கும் ஒரு சாதியின் பெயர். 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அந்தச் சொல்லை மேடையிலும் திரையிலும் நகைச்சுவையாகவும் வசையாகவும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மக்களின் பெயர் நம் வாயில் இத்தனை காலம் வசவாக இருந்திருக்கிறது. வசவு வேண்டுமென்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடியுங்கள். எழுத்தாளருக்கு அதுவும் வேலைதானே.

சரி, நல்ல லாக்லைன் எப்படி இருக்கும்? அண்மைக் காலத்துப் படங்கள் மூன்றைப் பார்ப்போம்.

2012இல் வந்த 'அட்டகத்தி', பா. இரஞ்சித்தின் முதல் படம். 'சென்னைக்கு வெளியே உள்ள கிராமத்து இளைஞன் ஒருவன், சினிமாவில் பார்த்த மாதிரியே காதலிக்கவும், தோற்றால் சினிமாவில் பார்த்த மாதிரியே சோகமாக இருக்கவும் முயன்று, இரண்டிலும் தோற்றுக்கொண்டே இருக்கிறான்.' இதில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த வீடு, அந்தச் சாப்பாடு, அந்தத் தெருவின் சுவர், அந்தப் பேருந்து, எல்லாம் நம்முடையது. தலித் இளைஞன் திரையில் வந்தால் ஒன்று அவன் சாக வேண்டும், இல்லையென்றால் யாராவது அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று இருந்த காலத்தில், அவன் சும்மா காதலித்து அசடு வழியலாம் என்ற உரிமையை அந்தப் படம் எடுத்துக்கொண்டது. அசடாக இருக்கும் உரிமையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

2021இல் வந்தது மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. 'இரண்டு சாதியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், பெயர்கூட இல்லாமல் எல்லோருக்கும் எடுபிடியாக இருக்கும் முடிதிருத்துபவர் ஒருவர் அடையாள அட்டை வாங்குகிறார். ஊராட்சித் தேர்தலின் முடிவு அவருடைய ஒற்றை ஓட்டில் வந்து நிற்கிறது.' அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்குமாக இரண்டு தேசிய விருதுகள் வாங்கிய படம். ஆளை மாற்றிப் பார் சோதனையை இங்கே தலைகீழாகப் போடலாம். அந்த ஓட்டு ஊரில் செல்வாக்குள்ள ஒருவரிடம் இருந்தால் கதை இல்லை. நேற்றுவரை கொல்லைப்புற வழியாக வரச் சொன்னவர்கள் இன்று வாசலில் வந்து நிற்கிறார்கள். சிரிப்பு அவர்கள் வளைகிற வளைவில் இருக்கிறது.

மூன்றாவது இந்திப் படம். 2023இல் வந்த 'கட்டஹல்'. கட்டஹல் என்றால் பலாப்பழம். 'சட்டமன்ற உறுப்பினர் வீட்டில் திருடுபோன இரண்டு பலாப்பழத்தைத் தேட மொத்தக் காவல் நிலையமும் அலைகிறது. பொறுப்பேற்ற தலித் பெண் ஆய்வாளர், காணாமல்போன தோட்டக்காரர் மகளைத் தேட அந்தப் பலாப்பழ வழக்கையே பயன்படுத்துகிறார்.' ஒரு பெண்ணைக் காணோம் என்றால் அசையாத அரசு, பலாப்பழத்துக்கு ஓடும். அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பெண்தான் திருடி என்று சொல்லித் தேடவைக்கிறார். ஒரு வரியைக் கேட்டாலே யார் வெட்கப்பட வேண்டும் என்று தெரிகிறது.

உலகத்திலும் இதற்குத் துணை இருக்கிறது. 1974இல் மெல் புரூக்ஸ் எடுத்த 'பிளேஸிங் சேடில்ஸ்', வெள்ளையர் மட்டுமே வாழும் ஊருக்குக் கறுப்பர் ஒருவர் காவல் அதிகாரியாகப் போகும் கதை. அதன் திரைக்கதையை எழுதியவர்களில் கறுப்பினக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். எழுதும் அறையில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கதைகளுக்கு வருகிறேன். இரண்டை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். எழுதிய தோழர்களின் சம்மதம் வாங்கிவிட்டேன்.

முதல் கதை: 'பாம்புக்குப் பயப்படும் இருளர் இளைஞன் ஒருவன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ரிசார்ட்டில் பாம்பு பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்து படும் பாடு.'

படித்ததும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு எதன்மேல் நிற்கிறது? இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர் என்று நாம் முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் இதில் முரண் இருக்கிறது. முதலியார் வீட்டுப் பையன் பாம்புக்குப் பயந்தால் அது கதை இல்லை. அப்படியென்றால் இந்தக் கதை பிறப்போடு தொழிலைக் கட்டிய கயிற்றின்மேல் நடக்கிறது. கயிற்றை அறுப்பதற்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

அந்தத் தொழிலை இழிவாகச் சொல்லவும் கூடாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது அறிவு, பயிற்சியால் வந்த அறிவு. ரத்தத்தில் வந்தது என்று சொன்னால் பாராட்டுவதுபோல் தோன்றும். ஆனால் அதுவும் சாதியின் பேச்சுதான்.

அப்படியானால் கதையை என்ன செய்வது? நேற்று இரவு அந்தத் தோழரும் நானும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்: 'ரிசார்ட்டில் கணக்காளராகச் சேர்ந்த இருளர் பட்டதாரியை, பாம்பு தென்பட்டாலே எல்லோரும் தேடுகிறார்கள். வாழ்க்கையில் பாம்பைத் தொட்டே அறியாத அவர், மறுநாள் காலைக்குள் தணிக்கைக் கணக்கை முடித்தாக வேண்டும்.' சிரிப்பு இடம் மாறிவிட்டது. இப்போது அசடு வழிபவர்கள் முதலாளியும் மேலாளரும் விருந்தாளிகளும். நாயகனுக்கு வேண்டியது தெளிவாக இருக்கிறது: அவருக்குத் தன் மேசையில் உட்கார வேண்டும். தடுப்பது பாம்பு அல்ல, மற்றவர்களின் நினைப்பு.

இன்னும் ஒரு குறை இருந்தது. போனால் என்ன போகும்? தணிக்கை தவறினால் வேலை போகும், சரி, ஆனால் அது எந்த அலுவலகக் கதைக்கும் பொருந்தும். அந்தத் தோழரே ஒன்று சொன்னார். கணக்கைப் பார்க்கும்போது அவருக்கு ஒரு விஷயம் தெரிகிறது: 'பாம்பு பிடிப்போர் கூலி' என்று மாதா மாதம் பெரிய தொகை எழுதியிருக்கிறார்கள், யாருக்கும் கொடுத்ததில்லை. இருளர் பெயரில் இருளருக்குத் தெரியாமல் ஒரு திருட்டு. அதை வெளியே கொண்டுவரக் கூடாது என்பதற்காகத்தான் மேலாளர் அவரை ராத்திரி முழுக்கப் பாம்பின் பின்னால் ஓடவிடுகிறார். இப்போது இது படம். அரங்கில் நீங்கள் சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

இரண்டாவது கதை ஒரு பேய்க் கதை. 'சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்பட்ட தலித் பெரியவரின் ஆவி ஊரைப் பயமுறுத்தும் நகைச்சுவை.'

இந்தக் கதையின் அடியில் இருப்பது எவ்வளவு கொடுமையானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின்மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பாதை அடைக்கப்பட்டிருந்தது. அதே பாலாறுதான் இந்தச் செங்கல்பட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. இதை நகைச்சுவையாக எழுதலாமா என்று நேற்று ஒரு தோழர் கோபமாகவே கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. என் பதில் இது: அந்த உடலைப் பார்த்து யாராவது சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் இருந்தாலும் அந்தப் படம் வேண்டாம். பாதையை அடைத்தவர் மூச்சு முட்டுகிற மாதிரி எழுத முடியும் என்றால் எழுதியே ஆக வேண்டும். அடைத்தவர்களைப் பார்த்து இதுவரை யாரும் போதிய அளவு சிரிக்கவில்லை.

தமிழில் பேயும் சிரிப்பும் சேர்ந்த படங்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. 2011இல் வந்த 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் ஆவிதான் திரும்பி வருகிறது. பயமும் சிரிப்புமாகப் பார்த்த மக்கள் நியாயத்தின் பக்கம்தான் நின்றார்கள். எனவே வடிவம் கைவசம் இருக்கிறது. ஆனால் 'ஊரைப் பயமுறுத்தும்' என்பது போதாது. பேய்க்கு என்ன வேண்டும்? பழிவாங்குவதா? பழி நந்தனாரின் தீயைத் திருப்பிப் போடுவது, அவ்வளவுதான். இந்தப் பெரியவருக்கு வேண்டியது பாதை. பாதை கிடைக்க என்ன செய்ய வேண்டும்? தாலுகா அலுவலகம் போக வேண்டும். பேய் தாலுகா அலுவலகம் போனால்? அங்கே கதை எழுந்து நின்றது.

மாற்றிய வடிவம்: 'பாதை மறுக்கப்பட்டுச் செத்த தலித் பெரியவரின் ஆவி, பாதையை மறித்த பண்ணையாரின் உடம்பிலேயே புகுந்துகொண்டு, தன் மகளின் துணையோடு, பாதைக்கு மனு கொடுக்கத் தாலுகா அலுவலகம் புறப்படுகிறது.'

இதன் இயந்திரத்தைக் கவனியுங்கள். பெரியவர் உயிரோடு இருந்தபோது அதே அலுவலகத்துக்குப் பதினைந்து வருடம் அலைந்தவர். வாசல்படியிலேயே நிறுத்துவார்கள். இப்போது அதே கோரிக்கை, அதே தாள், அதே வார்த்தை. ஆனால் வருகிற உடம்பு வேறு. 'வாங்கய்யா, உக்காருங்க, டேய் காபி சொல்லு' என்கிறார் எழுத்தர். நாற்காலி வருகிறது. பெரியவருக்கு நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை, பண்ணையாரின் உடம்பு விளிம்பில் குந்துகிறது. அதைப் பார்த்து அலுவலகமே பதறுகிறது. கோப்பு பறக்கிறது. அரசாங்கம் மனுவைப் படிப்பதில்லை, மனுவைக் கொண்டுவந்த உடம்பைப் படிக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடலாம்.

மகள் வந்ததால் இன்னொரு சிரிப்பும் வந்தது. தன் தெருவுக்குள் செருப்போடு நடக்கவிடாத மனிதரை, ஊரே பார்க்க அவள் 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். அவர் 'என்னம்மா' என்று திரும்ப வேண்டும். பண்ணையாரின் சொந்தக்காரர்களுக்கு எப்படி இருக்கும்! இந்தக் கதையை அந்த மகளின் கதையாக எழுதுங்கள். பேயை நாயகனாக வைத்தால் செத்தவர்தான் போராட வேண்டும் என்று ஆகிவிடும். மகளுக்கு ஏதோ ஒன்று பணயமாக இருக்கட்டும்.

அது என்ன? இந்த மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான், 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. பஞ்சமி நிலம். அந்த மக்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள். காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நாம் உட்கார்ந்து கதை பேசும் இந்த மண்ணில் நடந்தது அது.

ஆகவே கதையின் நடுவில் மகள் ஓர் ஆவணத்தைக் கண்டுபிடிக்கட்டும்: பாதை மட்டுமல்ல, பண்ணையாரின் தென்னந்தோப்பே பஞ்சமி நிலம். இப்போது ஆவி, பண்ணையாரின் கையைக் கொண்டே, பண்ணையாருக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். கெடு எப்போது? உடம்பைவிட்டு ஆவி கிளம்பும் காரியத்து நாள். ஒரு வரியில் இதையும் சேர்த்தால் சொல் எண்ணிக்கை கூடிவிடும். ஆகவே பாதையை வரியில் வையுங்கள், தோப்பை இடைவேளைக்கு வையுங்கள்.

கடைசியில் என்ன ஆகும் என்பதில்தான் அறையில் பெரிய சண்டை வரும். ஆவி வெளியேறியதும் பண்ணையார் திருந்தி, மகளைக் கட்டிப்பிடித்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. இது வேண்டாம் என்று சொல்கிறேன். நகைச்சுவைப் படம் விருந்தில் முடியலாம், அது நல்ல மரபு. ஆனால் விருந்துக்கு முன் நிலம் கைமாறியாக வேண்டும். ஒன்றையும் இழக்காமல் மனம் மட்டும் மாறுகிறவருக்குப் பார்வையாளர்கள் கைதட்டினால், நாம் அவருக்கு இலவசமாக ஒரு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு கதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் 2021இல் நரிக்குறவர் பெண் ஒருவர் உட்காரவிடாமல் துரத்தப்பட்டது, பிறகு அமைச்சர் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது, அந்த ஆண்டு தீபாவளி நாளில் முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தது, இதை அப்படியே நகைச்சுவையாக எழுதியிருக்கிறார் ஒரு தோழர். அதில் அந்தப் பெண்ணே கோமாளி போலப் பேசுகிறார். அதை எடுத்துவிடுங்கள். அவர் உயிரோடு இருக்கும் மனிதர், தனக்கு நடந்ததைத் தானே உலகத்துக்குச் சொன்னவர். அவர் கதையை எழுத அவர் அனுமதி வேண்டும். அந்தச் சூழலிலிருந்து ஒரு கற்பனைக் கதை எடுக்கலாம். இலையின் முன் ஒரே ஓர் இடம் கொடுக்க ஒரு மாவட்ட நிர்வாகமே இரண்டு நாள் ஓடுகிறது என்று எழுதுங்கள்.

நிஜம் சில நேரம் நம்மைவிட நன்றாக எழுதிவிடுகிறது. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' பார்க்க டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். காணொளி பரவியதும், படத்துக்கு யு/ஏ சான்றிதழ், அதனால் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை அனுமதிக்க முடியாது என்று விளக்கம் வந்தது. யு/ஏ என்றால் பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்று அர்த்தம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. நாடாளுமன்றக் கதவு திறந்துவிட்டது, தியேட்டர் கதவு திறக்கவில்லை. இந்த மாதிரிச் செய்திகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் இந்த வரிகளை எடுத்துக்கொண்டு கோடம்பாக்கம் போவீர்கள். அங்கே என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தயாரிப்பாளரிடம் நான் ஒரு கதை சொன்னேன். கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார். பிறகு, 'கதை அருமை தம்பி, அந்தச் சாதி விஷயத்தை மட்டும் எடுத்துட்டா பொதுவா இருக்கும்' என்றார். எடுத்துப் பார்த்தேன். எடுத்த பிறகு அவரே, 'முன்னாடி இருந்த சிரிப்பு இப்ப இல்லையே' என்றார். உங்களுக்கும் இது நடக்கும். அப்போது கோபப்படாமல் வரியை அவர் முன்னால் வைத்து, எது தடுக்கிறது என்ற இடத்தைக் காட்டுங்கள். தடை போனால் கதை போகும். இது தொழில்நுட்பக் காரணம். கொள்கைக்குக் காது கொடுக்காதவர்கள் தொழில்நுட்பத்துக்குக் காது கொடுப்பார்கள்.

அடுத்தது உரிமை. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதை எழுதி வடிவம் கொடுத்த விதத்துக்குத்தான் பாதுகாப்பு. டீக்கடையில் வாயால் சொன்ன ஒரு வரி நாளை வேறு ஒருவர் பேரில் படமாக வந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே வரியை விரித்துக் கதைச் சுருக்கமாக, முடிந்தால் முழுத் திரைக்கதையாக எழுதித் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். 2018இல் 'சர்கார்' பட விவகாரத்தில், சங்கத்தில் பதிவு செய்யப்பட்ட 'செங்கோல்' கதை இருந்ததால்தான் அந்த உதவி இயக்குநரால் பேச முடிந்தது, அவர் பெயரும் வந்தது. சிபாரிசு இல்லாத நமக்குக் காகிதம்தான் சாட்சி.

கடைசியாக ஒரு பயிற்சி. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கல்பட்டில்தான் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியன் உட்படப் பலர் பட்டத்தைத் துறந்தார்கள். அந்த மாநாட்டிலிருந்து வெறும் பெயரோடு ஊருக்குத் திரும்புகிற ஒரு பெரிய மனிதரைக் கற்பனை செய்யுங்கள். ரயில் நிலையத்தில் வண்டிக்காரர் அவரை எப்படிக் கூப்பிடுவார்? வீட்டில் மனைவி என்ன சொல்வார்? பட்டத்தை விட்டவர் நிலத்தை விட்டாரா, பெண்ணுக்கு மாப்பிள்ளை எந்தத் தெருவில் பார்த்தார்? இதை வைத்து ஆளுக்கொரு வரி எழுதுங்கள். முப்பது சொல்தான். சிரிப்பு யார்மீது விழுகிறது என்று எழுதியவரே தாளின் பின்பக்கம் குறிக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். வெளியே பந்தி தயாராகிவிட்டதாம், யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்காரலாம்.